திபேத்தும் சர்க்கார்களும் பத்திரிகைகளும்

திபேத் என்று சொன்னவுடன் நம் நாட்டில் படித்தவர், படிக்காதவர் ஆகிய எல்லோருக்கும் முதலில் ஞாபகத்துக்கு வருவது கைலாச மலையேயாகும். சிவபெருமான் பெண்டு பிள்ளைகளோடு குடியிருப்பதாகச் சொல்லப்படும் அந்த மலை திபேத்தில்தான் இருக்கின்றது. 2020-ல் நின்றுபோன கைலாச யாத்திரை 5 வருஷம் கழித்து 2025-ம் வருஷம் கோடையில் மறுபடியும் ஆரம்பமானபோது நமது பத்திரிகைகள் அதைப்பற்றி எவ்வளவு எழுதின என்பது வாசகர்களுக்குத் தெரியும். எத்தனை பேர் போகலாம், எந்தக் கணவாய் வழியாய்ப் போகலாம், எவ்வளவு செலவாகும், குளிருக்கு என்ன உடுத்திக்கொள்ள வேண்டும் என்பவைகளையெல்லாம் பத்தி பத்தியாய் எழுதினார்கள். ஆனால் அந்த மலையின் அடிவாரத்தில் குடியிருக்கும் மனிதர்கள் எப்படி இருக்கின்றார்கள், தாங்கள் மதிக்கும் ஒருவருடைய படத்தைத் தங்கள் வீட்டுச் சுவரில் அவர்கள் மாட்டிக்கொள்ள முடியுமா, தங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் பாஷையில் படிப்புச் சொல்லிக்கொடுக்கும்படி கேட்க முடியுமா என்பதைப்பற்றி ஒரு வரி எழுதின பத்திரிகைகள் எத்தனை என்று கேட்கின்றோம். சிவன் குடியிருப்பதாகச் சொல்லப்படும் மலையைப்பற்றி இவ்வளவு கவலை. மனிதன் குடியிருக்கும் வீட்டைப்பற்றிக் கவலை இல்லை. இதுதான் நம் நாட்டுப் பத்திரிகை தர்மம் போலும்!

நிற்க, திபேத்தியர்களுடைய கிளர்ச்சியைப்பற்றி நாம் எழுதப்போகின்றோம் என்றவுடன் நமது தோழர்களில் சிலர், "லாமாவுக்காகவா நீங்கள் பரிந்து பேசப்போகிறீர்கள்? ஒரு மனிதன் செத்து மறுபடியும் குழந்தையாய்ப் பிறந்து வந்து நாட்டை ஆளுகிறான் என்று நம்புகிற கூட்டத்துக்கும் பகுத்தறிவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கக்கூடும். இது நியாயமான கேள்விதான். ஆதலால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டே மேலே போகின்றோம்.

லாமா மறுபிறப்பு எடுக்கிறார் என்பதை நாம் நம்புவதில்லை. பழைய திபேத்தில் இருந்த ஆட்சி நல்ல ஆட்சி என்று நாம் சொல்லப்போவதுமில்லை. நிலமெல்லாம் மடங்களுக்கும், பிரபுக்களுக்கும், சர்க்காருக்குமாய் இருந்தது. உழுகின்றவன் அந்த நிலத்தோடு கட்டுண்டு, வரியும் வெட்டி வேலையும் கொடுத்துக்கொண்டிருந்தான். சீர்திருத்தம் வேண்டுமென்று கட்சி சேர்த்த லுங்ஷர் என்னும் பெரிய அதிகாரியின் கண்கள் 1934-ம் வருஷத்தில் லாசா நகரத்தில் பிடுங்கப்பட்டன. அதே வருஷத்தில் கெண்டுன் சோபெல் என்கின்ற ஒரு திபேத்தியப் பண்டிதர், ராகுல சாங்கிருத்தியாயனோடு கூட இந்தியாவுக்கு வந்தார். இந்தியாவிலும் இலங்கையிலும் 10 வருஷத்துக்கு மேல் சுற்றிப் பார்த்துப் பல பாஷைகளைப் படித்தார். காலிம்பொங்கில் தார்ச்சின் என்பவர் நடத்திவந்த 'மேலோங்' என்னும் திபேத்தியப் பத்திரிகையில் 1938-ம் வருஷத்தில், பூமி தட்டை அல்ல, உருண்டை என்று தன் ஜனங்களுக்கு எழுதினார். அப்படிப்பட்டவர் தன் தேசத்துக்குத் திரும்பிப்போனபோது அவருக்குக் கிடைத்த மரியாதை என்ன? 1946-ல் கள்ள நோட்டு விஷயமாய்க் குற்றம் சாட்டி லாசா சர்க்கார் அவரைச் சிறையில் அடைத்தது. 1949-ல் வெளியே வந்தார், 1951-ல் இறந்தார். ஆகவே லாமாக்கள் ஆட்சியில் அறிவாளிக்கு இருந்த இடம் எது என்பதை நாம் யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் தோழர்களே! ஒரு வீட்டில் மாமியார் மருமகளைக் கொடுமைப்படுத்தினாள் என்பதற்காக, அடுத்த தெருக்காரன் வந்து அந்த வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக் கொள்ளலாமா? அப்படிச் செருகிக்கொண்டவன், "உன்னை விடுதலை செய்துவிட்டேன், வாயை மூடிக்கொண்டு இரு" என்று அந்த மருமகளிடம் சொன்னால் அது விடுதலையா? விடுதலை பெற்றவனுக்கு முதல் அடையாளம் அவன் வாய் திறந்து பேசுவதுதான். தன்னை விடுதலை செய்தவனைக் குறைசொல்லவும் அவனுக்கு உரிமை இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எஜமான் மாறியிருக்கிறானே ஒழிய அடிமை மாறவில்லை என்பதுதான் அர்த்தமாகும். இதுவே நாம் இந்த விஷயத்தில் பிடிக்கும் அளவுகோல்.

இந்த அளவுகோலைக்கொண்டு பார்ப்போம். 1950 அக்டோபரில் சீன இராணுவம் கிழக்குத் திபேத்தில் சாம்தோவைப் பிடித்தது. 1951 மே 23-ந் தேதி பீஜிங்கில் 17 ஷரத்துக்கள் கொண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கப்பட்டது. திபேத்தின் பழைய ஆட்சிமுறையை மாற்றுவதில்லை என்றும், திபேத்தியரின் பேச்சு மொழியையும் எழுத்தையும் பள்ளிப் படிப்பையும் வளர்ப்பது என்றும் அதில் வாக்குறுதிகள் இருந்தன. 8 வருஷத்துக்குள் அந்த வாக்குறுதிகளின் யோக்கியதை வெளியாகிவிட்டது. 1959 மார்ச் 10-ந் தேதி லாசாவில் ஜனங்கள் திரண்டு எழுந்தார்கள். பீரங்கியைக் கொண்டு அடக்கப்பட்டார்கள். தலாய் லாமா அம்மாத முடிவில் இந்தியாவுக்குள் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு 1987, 1988, 1989 ஆகிய வருஷங்களில் லாசாவில் மறுபடியும் கிளர்ச்சி நடந்து, 1989 மார்ச்சில் போடப்பட்ட இராணுவச் சட்டம் ஒரு வருஷத்துக்கு மேல் அமுலில் இருந்தது. 2008-ல் கிளர்ச்சி லாசாவோடு நில்லாமல் திபேத்தியர் வாழும் சிங்ஹாய், கான்சு, சிச்சுவான் ஆகிய மாகாணங்களுக்கும் பரவிற்று. 2024 பிப்ரவரியில் டெர்கே பகுதியில் நதியின் குறுக்கே கட்டப்போகும் அணையால் தங்கள் கிராமங்களும் பழைய மடங்களும் முழுகிப்போகும் என்று கிராமவாசிகளும் துறவிகளும் ஆட்சேபித்தார்கள். அதிகாரிகள் முன் மண்டியிட்டு அழுத அந்த ஜனங்களின் படம் வெளியே வந்தது. பிறகு நூற்றுக்கணக்கானவர்கள் பிடித்துக்கொண்டு போகப்பட்டதாகச் செய்தி வந்தது. ஒரு அணையை வேண்டாமென்று சொல்லுவதற்கே மண்டியிட வேண்டியிருக்கிறதென்றால், மற்றதைப்பற்றிக் கேட்பானேன்?

"நாங்கள் ரோடு போட்டிருக்கிறோம், ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறோம், 2006-ல் லாசாவுக்கு ரயிலே விட்டிருக்கிறோம்" என்கிறது சீன சர்க்கார். வாஸ்தவம்தான். ரயில் வந்தது நல்லதுதான். ஆனால் வெள்ளைக்காரனும் நமக்கு ரயில் விட்டான். அதற்காக அவன் இங்கேயே இருக்கட்டும் என்று யாராவது சொன்னார்களா? ரயில் டிக்கெட்டு வேறு, சுதந்திரம் வேறு. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றுக்கு ரசீது எழுதி வாங்கிக்கொள்ள முடியாது.

இனி, பகுத்தறிவுள்ள எவரும் வாய்விட்டுச் சிரிக்கத்தக்க ஒரு விஷயத்தைச் சொல்லுகின்றோம். சீனாவை ஆளும் கட்சி கடவுள் இல்லை, மதம் இல்லை என்கின்ற கட்சி. அதன் மெம்பர்கள் எந்த மதத்திலும் நம்பிக்கை வைக்கக்கூடாது என்பது அதன் விதி. அப்படிப்பட்ட கட்சி நடத்தும் சர்க்கார் 2007-ல் ஒரு உத்திரவு போட்டு, அவ்வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி முதல் அமுலுக்குக் கொண்டுவந்தது. அது என்ன உத்திரவு என்றால், லாமாக்கள் மறுபிறப்பு எடுப்பதாயிருந்தால் அதற்குச் சர்க்காருடைய அனுமதி பெற வேண்டும் என்பதாகும்! அதாவது செத்தவன் மறுபடியும் பிறக்க வேண்டுமானால் கச்சேரிக்கு மனுப்போட்டு, உத்திரவு வாங்கிக்கொண்டு பிறகுதான் பிறக்க வேண்டும். மறுபிறப்பு என்பது பொய் என்று சொல்லிவிட்டால் அது பகுத்தறிவு. பொய்க்கு லைசென்சு கொடுக்கும் அதிகாரம் தனக்குத்தான் உண்டு என்று சொல்லுவது என்ன அறிவு? 1793-ல் மஞ்சு சக்கரவர்த்தி கொடுத்த தங்கக் குடத்தில் சீட்டுப் போட்டு எடுக்கும் வழக்கத்தை இந்த நாஸ்திக சர்க்கார் இன்றைக்கும் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடவுளை விட்டார்கள்; சக்கரவர்த்தியின் குடத்தை மாத்திரம் விடவில்லை! இதிலிருந்து ஒன்று விளங்கும். மதத்தை ஒழிப்பது எந்தச் சர்க்காருடைய கவலையும் அல்ல. மதத்தின் மூக்கணாங்கயிறு யார் கையில் இருப்பது என்பதே அவர்களுடைய கவலை.

இந்தக் கயிற்றுச் சண்டையில் ஒரு குழந்தை என்ன ஆயிற்று என்பதையும் கேளுங்கள். 1995 மே 14-ந் தேதி, கெண்டுன் சோக்கி நியிமா என்கின்ற 6 வயதுப் பையனைப் பஞ்சென் லாமாவின் மறுபிறப்பு என்று தலாய் லாமா அறிவித்தார். 3 நாளைக்குள் அந்தப் பையனையும் அவன் தாய் தகப்பனையும் சீன அதிகாரிகள் கொண்டுபோய்விட்டார்கள். அன்றுமுதல் வெளியுலகத்தார் எவரும் அவனைப் பார்த்ததில்லை. அவ்வருஷ முடிவில் சர்க்கார் தங்கக் குடத்தில் சீட்டு எடுத்து வேறொரு பையனைப் பஞ்சென் லாமாவாக்கிற்று. முதல் பையன் வளர்ந்து, படித்து, வேலையில் இருக்கிறான், அவனைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று 2020-ல் சீன வெளிநாட்டு இலாகா சொல்லிற்று. அதை அவனே வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதில் என்ன கஷ்டம்? அந்தப் பையன் யாருடைய மறுபிறப்பும் அல்ல என்பது நமது அபிப்பிராயம். பால் மணம் மாறாத குழந்தையின் தலையில் ஒரு மடத்தின் பாரத்தைத் தூக்கி வைப்பதே தப்பு என்பதும் நமது அபிப்பிராயம். ஆனால் மறுபிறப்பு பொய். பையன் காணாமற்போனது நிஜம். பொய்யை நம்புகிறவன் என்பதற்காக நிஜமான அநியாயத்துக்கு ஒருவனை ஆளாக்கலாம் என்று பகுத்தறிவு எங்கேயும் சொல்லவில்லை.

நிற்க, பத்திரிகைகளின் யோக்கியதையைப்பற்றிச் சிறிது கவனிப்போம். 2008 மார்ச் 10-ந் தேதி துறவிகள் அமைதியாய் ஊர்வலம் வந்தார்கள், தடுத்துப் பிடிக்கப்பட்டார்கள். 14-ந் தேதி லாசாவில் கலகம் மூண்டது. சீனர்களுடையவும் முஸ்லிம்களுடையவும் கடைகள் கொளுத்தப்பட்டன. ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்த 5 இளம்பெண்கள் வெந்து மாண்டார்கள். இது கொடுமை, இதை மறைக்கிறவன் திபேத்தியர்களுக்கு நண்பன் அல்ல. கலகக்காரர்களால் 18 ஜனங்களும் ஒரு போலீஸ்காரரும் மாண்டதாகச் சீன சர்க்கார் கணக்குச் சொல்லிற்று. அடக்குமுறையில் 200-க்கு மேற்பட்ட திபேத்தியர் மாண்டதாகத் தர்மசாலாவில் இருக்கும் திபேத்திய நிர்வாகம் சொல்லிற்று. எது உண்மை? அதைப் போய்ப் பார்த்துச் சொல்லத்தான் பத்திரிகைக்காரன் இருக்கிறான். ஆனால் அவனுக்கு அங்கே இடமில்லை. அந்தச் சமயத்தில் லாசாவில் அனுமதியோடு இருந்த மேல்நாட்டு நிருபர் 'எக்கானமிஸ்ட்' பத்திரிகையின் ஜேம்ஸ் மைல்ஸ் ஒருவர்தான். கூட்டம் சீனர் கடைகளைத் தாக்கியதையும் அவர் எழுதினார். அதிகாரிகள் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றதையும் எழுதினார். அவரும் சில நாளில் வெளியேற நேர்ந்தது. கண்ணால் பார்த்தவன் ஒருவன். பார்க்காமல் எழுதினவர்கள் உலகம் முழுவதும்.

பார்க்காமல் எழுதினதன் பலன் என்ன? சீன டெலிவிஷன், எரிகின்ற கடைகளையே இராப்பகலாய்க் காட்டிற்று. துறவிகள் எதற்காக ஊர்வலம் வந்தார்கள் என்பதைக் காட்டவில்லை. ஜெர்மனியில் சில டெலிவிஷன் கம்பெனிகள், நேபாளத்துப் போலீஸ் திபேத்தியரை அடிக்கும் படத்தைப் போட்டு, இது சீனப் போலீஸ் என்றன. பிறகு தப்பு என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அந்த ஒரு தப்பைப் பிடித்துக்கொண்டு, மேல்நாட்டார் சொல்லுவதெல்லாம் பொய் என்று பிரசாரம் செய்யச் சீனாவுக்குச் சௌகரியமாயிற்று. நியாயமான கட்சிக்காரனுக்கு அவன் வக்கீல் சொல்லும் பொய்யைப்போல் விரோதி வேறில்லை. அம்மாதம் 27-ந் தேதி, சர்க்காரே பொறுக்கி எடுத்து அழைத்துக்கொண்டுபோன வெளிநாட்டு நிருபர்கள் லாசாவில் ஜோகாங் கோயிலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இளந்துறவிகள் பலர் ஓடிவந்து, தங்களுக்குச் சுதந்திரம் இல்லையென்றும், அதிகாரிகள் சொல்லுவது பொய்யென்றும் கண்ணீர்விட்டுக் கதறினார்கள். திட்டத்தில் இல்லாத அந்தச் சில நிமிஷந்தான் அந்தப் பயணத்தில் கிடைத்த செய்தி.

செய்திக்குச் சாட்சி வேண்டும். சாட்சியை ஊருக்குள் விடாமல் தடுத்துவிட்டால் கொலையும் கொலையாகாது, அழுகையும் அழுகையாகாது என்பது சர்க்கார்களுக்கு நன்றாய்த் தெரியும். சீனாவின் மற்றப் பாகங்களுக்கு இல்லாத தனி அனுமதி, திபேத்துக்குப் போகும் வெளிநாட்டு நிருபர்களுக்கு மாத்திரம் வேண்டும் என்று வைத்திருப்பதன் இரகசியம் இதுதான். 2010 டிசம்பரில் டுனீசியாவில் தள்ளுவண்டி வியாபாரி ஒருவர், அதிகாரிகள் செய்த அவமானம் தாங்காமல் தீக்குளித்தார். உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் அவர் பெயரை எழுதின. ஒரு ராஜ்யமே கவிழ்ந்தது. திபேத்தியப் பகுதிகளில் 2009 முதல் அவ்வாறு உயிரை விடத் துணிந்தவர்கள் 150-க்கு மேற்பட்டவர்கள். அவர்களில் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? அந்தச் செய்கையை நாம் போற்றவில்லை. தன்னை அழித்துக்கொள்ளும் வழியை எந்த இளைஞனுக்கும் நாம் சொல்லமாட்டோம்; உயிரோடிருந்து போராடுகிறவனே எதிரிக்குப் பயம் தருகிறவன். மதத்தின் பெயரால் இதைத் தியாகம் என்று பூசை போடுவதும் நமக்குச் சம்மதமில்லை. ஆனால் 150 பேர் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்க வேண்டிய சர்க்கார், அவர்களைத் தூண்டியதாகச் சொல்லி மற்றவர்கள்மேல் கொலைக் குற்றம் சாட்டிற்று. வெளியே செய்தி அனுப்பினவர்களையும் சிறையில் போட்டது. நோயைப் பார்க்காமல், நோய் இருக்கிறதென்று சொன்னவனைத் தண்டிக்கும் வைத்தியம் இது.

செய்தி சொன்னவனைத் தண்டித்ததற்கு ஒரே ஒரு உதாரணம் போதும். டாஷி வாங்சுக் என்பவர் யூஷூ என்னும் ஊரில் ஒரு கடைக்காரர். துறவி அல்ல, சுதந்திர ராஜ்யம் கேட்டவரும் அல்ல. திபேத்தியப் பிள்ளைகளுக்குத் திபேத்திய பாஷையில் படிப்பு வேண்டும் என்பது ஒன்றே அவர் கேட்டது. எந்த இனத்தாரும் தங்கள் பாஷையை வழங்கவும் வளர்க்கவும் உரிமையுண்டு என்று சீன அரசியல் சட்டத்தின் 4-வது பிரிவே சொல்லுகிறது. அதை நம்பி அவர் கோர்ட்டில் வழக்குப்போட வழி தேடினார், சீனப் பத்திரிகைகளிடமும் போய்ப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகைக்காரர்கள் அவர் சொன்னதைச் சினிமாப் படமாய்ப் பிடித்து 2015 நவம்பரில் வெளியிட்டார்கள். 2016 ஜனவரியில் போலீசார் அவரைப் பிடித்தார்கள். 2018 மே மாதத்தில், பிரிவினையைத் தூண்டினார் என்று 5 வருஷம் தண்டனை கொடுத்தார்கள். அதற்கு முக்கிய சாட்சியம் அந்தப் படமேயாகும்! 2021 ஜனவரியில்தான் அவர் வெளியே வந்தார். சட்டத்தில் எழுதியிருப்பதைச் சத்தமாய்ப் படித்ததற்கு 5 வருஷம்! பூமி உருண்டை என்று எழுதினவரை லாமாக்கள் சிறையில் வைத்தார்கள். தாய்ப் பாஷை வேண்டும் என்று சொன்னவரைக் கட்சிக்காரர்கள் சிறையில் வைத்தார்கள். கதவு அதேதான், பூட்டு மாத்திரம் புதிது.

இவை சீன சர்க்காருடைய லட்சணம். மற்றச் சர்க்கார்கள் யோக்கியர்களா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்க சர்க்கார் 1950-க்குப் பிறகு திபேத்தியர்களைக் கொலராடோ மலைகளுக்குக் கொண்டுபோய் யுத்தப் பயிற்சி கொடுத்து, துப்பாக்கியும் பணமும் கொடுத்தது. சீனாவோடு சிநேகம் வேண்டும் என்ற காலம் வந்து, 1972-ல் அதிபர் நிக்சன் பீஜிங்குக்குப் போய் விருந்து சாப்பிட்டபோது, திபேத்தியர்கள் ஒருவருக்கும் வேண்டாதவர்களாய்விட்டார்கள். நேபாளத்து முஸ்தாங்கில் இருந்த அவர்களுடைய படை 1974-ல் ஆயுதங்களை ஒப்புவித்துக் கலைந்தது. அமெரிக்கா 1991-லும் 1996-லும் திபேத்திய பாஷையில் ரேடியோ பேச்சு ஆரம்பித்தது. 2025 மார்ச்சில் அமெரிக்க அதிபர் போட்ட உத்திரவால் அந்த நிலையங்களின் பணமும் வேலையும் வெட்டப்பட்டன. பிறத்தியான் காசில் பேசுகிற வாய் அவன் காசை நிறுத்தினால் மூடிப்போகும் என்பதற்கு இது ஒரு பாடம். பிரிட்டிஷ் சர்க்கார் திபேத்தைப்பற்றிப் பல காலமாய்ச் சொல்லிவந்த சட்ட அபிப்பிராயத்தை, உலகமெல்லாம் பணமுடையில் கிடந்த 2008 அக்டோபரில் ஓசைப்படாமல் மாற்றிக்கொண்டது. நேபாள சர்க்கார் அதே வருஷத்தில் காட்மாண்டுவில் திபேத்தியர்களை ஆயிரக்கணக்கில் பிடிப்பதும், விடுவதும், மறுபடி பிடிப்பதுமாய் இருந்தது.

நமது இந்திய சர்க்கார் செய்ததென்ன? திபேத்தியருக்கு இடம் கொடுத்தது. தர்மசாலாவிலும், நமக்குப் பக்கத்தில் மைசூர் நாட்டுப் பைலகுப்பையிலும் அவர்கள் குடியேறிப் பள்ளிக்கூடமும் வயலும் வைத்துக்கொண்டு வாழ்கின்றார்கள். இது நல்ல காரியம். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 1954-ல் பஞ்சசீலம் என்று பெயர் வைத்துத் திபேத்தைப்பற்றிச் சீனாவோடு ஒப்பந்தம் செய்தபோது, ஒரு திபேத்தியரையாவது கேட்டார்களா? 2008 ஏப்ரல் 17-ந் தேதி ஒலிம்பிக் தீவட்டி டில்லிக்கு வந்தபோது, பல்லாயிரம் போலீசாரை நிறுத்தி, ஜனங்களே இல்லாத ராஜபாட்டையில் இரண்டு மைலுக்கும் குறைவாக அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தத் தீவட்டியைத் தூக்கமாட்டேன் என்று சொல்லக் கால்பந்து வீரர் பாய்ச்சுங் பூட்டியாவுக்கு இருந்த தைரியம் மந்திரிகளுக்கு இல்லை. 2018-ல் திபேத்தியர்கள் இந்தியாவுக்கு நன்றி சொல்ல நடத்த இருந்த கூட்டங்களுக்குத் தலைவர்களும் அதிகாரிகளும் போக வேண்டாம் என்று டில்லியில் குறிப்பு எழுதினார்கள். 2025 ஜூலையில் தலாய் லாமாவின் 90-வது பிறந்தநாளுக்கு மந்திரிகளே தர்மசாலாவுக்குப் போனார்கள். ஆனால் வாரிசு விஷயம் வந்தபோது, மத நம்பிக்கை சம்பந்தமாய்ச் சர்க்காருக்கு அபிப்பிராயம் கிடையாது என்றார்கள். இந்த 7 வருஷத்தில் மாறினது திபேத்தியர்களுடைய கஷ்டம் அல்ல, டில்லியின் சௌகரியமேயாகும்.

இதெல்லாம் எங்கேயோ வடக்கே நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் பிரதம மந்திரி மோடியும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். பிரதம மந்திரி வேட்டி கட்டினதைப்பற்றியும், இருவரும் இளநீர் குடித்ததைப்பற்றியும், பல்லவர் சிற்பத்தைப் பார்த்ததைப்பற்றியும் நமது பத்திரிகைகள் எழுதி எழுதிக் கை சலித்தன. அதே வாரத்தில், நமது சென்னைப் பட்டணத்தில் படித்துக்கொண்டிருந்த திபேத்திய மாணவர்கள், கூச்சல் போடக்கூடும் என்று சந்தேகித்து முன்கூட்டியே பிடிக்கப்பட்டார்கள். டென்சின் சுண்டூ என்னும் திபேத்தியக் கவிஞர் விழுப்புரம் ஜில்லாவில் பிடிக்கப்பட்டார். அதிபர் இறங்க இருந்த ஓட்டலுக்கு முன் கொடியோடு வந்த சிலரைப் போலீசார் இழுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் கல் எறிந்தார்களா, கடை கொளுத்தினார்களா? ஒன்றுமில்லை, ஒரு கொடியை எடுத்து ஒரு வார்த்தை சொல்லப் பார்த்தார்கள். சிலரை, ஒன்றுமே சொல்லுவதற்கு முன்பே பிடித்தார்கள். லாசாவில் வாய் திறந்தவனைப் பிடிப்பது அக்கிரமம் என்கின்ற நாம், நம் ஊரில் வாய் திறக்கப்போகிறவனைப் பிடித்ததற்கு என்ன பெயர் வைப்பது? பிடித்தவன் சம்பளம் வாங்குவது நமது வரிப்பணத்தில் என்பதை நாம் மறக்கக்கூடாது. அந்த மாணவர்களைப்பற்றி அன்று ஏன் நமக்குக் கோபம் வரவில்லை என்று ஒவ்வொரு தோழரும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். நம்மையும் சேர்த்துத்தான் சொல்லுகின்றோம். இளநீர் படத்தைப் பார்த்து நாமும் ஒரு நிமிஷம் பெருமைப்பட்டோம் என்பதை ஒளிப்பானேன்?

ஆகவே தோழர்களே! திபேத்தைப்பற்றி நாம் சொல்லுவது இவ்வளவுதான். லாமா வேண்டுமா, கட்சி வேண்டுமா, சுதந்திர ராஜ்யம் வேண்டுமா, சீனாவுக்குள் சுயாட்சி போதுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்தச் சுமார் 70 லட்சம் திபேத்தியர்கள். நாமும் அல்ல, டில்லியும் அல்ல, பீஜிங்கும் அல்ல, வாஷிங்டனும் அல்ல. தலாய் லாமாவே 2011-ல் அரசியல் அதிகாரத்தை விட்டு, ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரிடம் ஒப்புவித்துவிட்டார். ஜனங்கள் தடையில்லாமல் பேசும்படி விட்டால், நாளைக்கு அவர்களே மறுபிறப்புக் கதையையும் தூக்கி எறியக்கூடும். கெண்டுன் சோபெல் பிறந்த ஜனங்கள் அவர்கள். ஆனால் அதைத் துப்பாக்கி செய்ய முடியாது. துப்பாக்கிக்கு முன் மனிதன் தன் மூடநம்பிக்கையை இன்னும் இறுக்கித்தான் பிடித்துக்கொள்வான். லாமாவுக்கு இவ்வளவு பெருமையைத் தேடிக்கொடுத்ததில் லாமாக்களைவிடச் சீன சர்க்காருக்கே பங்கு அதிகம்.

இனிமேல் ஒரு நாட்டில் கலகம் என்று பத்திரிகையில் படித்தால் மூன்று கேள்வி கேட்டுப் பழகுங்கள். இதை எழுதினவன் கண்ணால் பார்த்தானா? யாரைப் பேசவிடாமல் வைத்துக்கொண்டு இது எழுதப்பட்டிருக்கிறது? இதே காரியத்தை நம் சர்க்கார் செய்தால் இந்தப் பத்திரிகை இப்படி எழுதுமா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தி செய்தியல்ல, புராணம். புராணத்தை நம்புகிற வழக்கத்தை நாம் என்றைக்கோ விட்டுவிட்டோம்.

வருகிற கோடையிலும் கைலாச யாத்திரைச் செய்தி வரும். அப்போது நீங்கள் படிக்கின்ற பத்திரிகையின் ஆசிரியருக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். "ஐயா, சிவனைப்பற்றி எழுதினீர்கள், சரி. அந்த ஊர் மனிதர்கள் சௌக்கியமா?" என்று மாத்திரம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் குப்பைக்கூடையில் போடுவார். ஆயிரம் பேர் கேட்டால் பதில் எழுதியே தீரவேண்டும்.